ஹேங்கர் சரியாகிவிட்டது

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ ஒரு கேள்வி கேட்டாய். "ஏம்மா இன்னும் ஹேங்கர் அச்சுக்காரருக்கு ஓகே சொல்லாம வச்சிருக்கீங்க?" என்றாய். நான் மழை என்றேன். கண்டியில் மழை என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் துருவிக் கேட்பதில்லை. கல்யாணவீட்டுக்குப் போகாததற்கும் அதுதான் காரணம், துணி காயாததற்கும் அதுதான் காரணம். நீயும் "சரிம்மா" என்று வைத்துவிட்டாய். பேப்பருக்குப் பின்னாலிருந்து உன் அப்பா, "மழையா?" என்று மட்டும் கேட்டார். நம் வீடு இருக்கும் அம்பிட்டிய மேடு முழுக்கப் பல்லைக் காட்டிக்கொண்டு வெயில் அடித்தது. நான் அவரை ஒரு முறை முறைத்தேன், அடங்கிவிட்டார். ஆனால் மறுநாள் தேத்தண்ணி குடிக்கும்போது மறுபடியும் ஆரம்பித்தார். மாநகர சபையில் கிளார்க்காகவே காலத்தை ஓட்டிய மனுசன், வாயைத் திறக்க மேலிடத்துக் கையெழுத்து வேண்டும் என்பதுபோலப் பேசுகிறவர். அவரே சொல்கிறார்: "புள்ளகிட்ட உண்மையச் சொல்லிரு. வாயால சொல்ல வராட்டி எழுது." அதனால்தான் எழுதுகிறேன். வட்ஸ்அப்பில் இவ்வளவு நீளத்துக்குத் தட்ட என் விரலுக்குப் பொறுமை இல்லை. தாளில் எழுதியதைக் கடையில் வேலைக்கு நிற்கும் சுமதி படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். அவள் படித்தாலும் பரவாயில்லை, கடையில் நடப்பதில் அவளுக்குத் தெரியாதது என்ன இருக்கிறது?

முதலில் இந்த ஹேங்கருக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்துப் பார். நீ எடுப்பாய். "சாப்பிட்டீங்களா? மழையா? அப்பாவுக்குக் கால் எப்படி?" என்பாய். நான் ஆமாம், ஆமாம், பரவாயில்லை என்பேன். பிறகு என் முறை. "குளிரா? என்னா சமைச்ச?" என்பேன். அதுவும் முடிந்துவிடும். அதற்குப் பிறகு உன் முகத்தை நானும் என் முகத்தை நீயும் பார்க்காமல், அவரவர் முகத்தை மூலையிலிருக்கும் சின்னக் கட்டத்தில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். "அப்ப வைக்கிறேம்மா" என்பாய். உன்னைக் குறை சொல்லவில்லை. நீ ஜேர்மனியில் ஆபீஸில் உட்காரும் கதிரைகளுக்குக் கை வைக்கிறாய், ஏற்றி இறக்கும் கை. நான் கண்டி டவுனில் ரெடிமேட் உடுப்பு விற்கிறேன். நமக்குள் பேச என்னதான் இருக்கிறது? வாரம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும் என்று காத்திருப்பேன், வந்த ஞாயிறு கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். பின்னேரம் முழுக்க வீட்டில் எனக்கு ஒன்றும் ஓடாது. உன் அப்பாவிடம் ஏதாவது சாக்கு வைத்துச் சண்டை போடுவேன். பாவம், அவர் வாங்கிக்கொள்வார்.

அப்புறம் பள்ளிக்கூடம் திறக்கிற அந்த சீசன் வந்தது. உனக்குத் தெரியும், அந்த நாட்களில் நம் கடைக்குள் காலை வைக்க இடமிருக்காது. கைக்குழந்தை பிராக்கிலிருந்து மாஸ்டர்மார் போடும் பெரிய சேர்ட் வரை எல்லாம் ஒரே கம்பியில் தொங்கும். ஹேங்கர்கள் மட்டும் எப்போதும் எதிர்மாறாகத்தான் கையில் கிடைக்கும். சின்னது தேடினால் பெரியது, பெரியது தேடினால் சின்னது. பெரிய ஹேங்கரில் சின்னப்பிள்ளை டீசேர்ட்டைத் திணித்தால் கழுத்து அகன்றுபோகும், தோளில் இரண்டு கொம்பு முளைக்கும். சின்ன ஹேங்கரில் பெரியதைப் போட்டால் வழுக்கித் தரையில் கிடக்கும். அன்றைக்கு ஒரு தாய் கழுத்து இழுபட்ட டீசேர்ட்டை மூக்குக்கு நேரே பிடித்து, "இது பழசா?" என்று கேட்டாள். பெட்டியிலிருந்து அன்றுதான் எடுத்த புதுச் சாமான்! எனக்கு எப்படி இருந்திருக்கும்? அந்த எரிச்சல் அடங்குமுன் ஞாயிறு வந்தது. நீ எடுத்து, "அங்க மழையா?" என்றாய்.

"மழையாவது மண்ணாவது!" என்று பாய்ந்தேன். "நீ பேராதனையில போய் என்னத்தப் படிச்ச? ஜேர்மன்காரன் கதிரைக்கெல்லாம் கை வைக்கிறியே, உன் அம்மா கடைக்கு ஒரு ஹேங்கர் செஞ்சு தர ஏலாதா? சின்னப் புள்ளைக்கும் அதே ஹேங்கர், பெரிய ஆளுக்கும் அதே ஹேங்கர். இழுத்தா நீளணும், அமுக்குனா சுருங்கணும். பெரிய வித்தையா இது?"

கோபித்துக்கொண்டாய் என்று நினைத்தேன். "அப்ப வைக்கிறேம்மா" வரப்போகிறது என்று காத்திருந்தேன். ஆனால் உன் முகம் திரைக்குக் கிட்ட வந்தது. "எவ்வளவு நீளணும்?" என்றாய். அவ்வளவுதான். அன்று நாம் எவ்வளவு நேரம் பேசினோம் என்று எனக்குத் தெரியாது. போனில் சார்ஜ் தீர்ந்து, சார்ஜரில் போட்டுவிட்டு நான் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு பேசினேன். உன் அப்பா இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டுத் தானே சோற்றைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

அளவெடுக்கச் சொன்னாய். ஆட்களை இல்லை, உடுப்புகளை. சுமதியும் நானும் கடையை அரைக் கதவு சாத்திக்கொண்டு ஒவ்வொரு சைஸாக மேசையில் விரித்தோம். தோள் அகலம், கழுத்து அகலம், அப்புறம் தோளின் சரிவு. எல்லாச் சேர்ட்டுக்கும் தோள் சரிவு ஒன்றுதான் என்று நான் அடித்துச் சொன்னேன். நீ சிரித்துக்கொண்டே, சின்னதையும் பெரியதையும் கழுத்தோடு கழுத்து வைத்துப் பார்க்கச் சொன்னாய். வைத்தேன். சின்னதின் சரிவு வேறு, பெரியதின் சரிவு வேறு. இத்தனை காலம் இதே துணிகளை மடித்தும் விரித்தும் கிடக்கிறேன், கண்ணில் படவில்லை பார். எனக்குக் கொஞ்சமும் வெட்கமாக இல்லை, பெருமைதான் பிடிபடவில்லை. பக்கத்துச் செருப்புக்கடை அம்மாவைக் கூப்பிட்டு, "என் மகன் ஜேர்மனியில இருந்துக்கிட்டே கண்டுபுடிச்சிட்டான்" என்று காட்டினேன். அவள் தன் மகனைப் பற்றி அதற்குமேல் நீட்டி முழக்கிவிட்டுப் போனாள், அது வேறு கதை.

முதல் ஹேங்கர் உன் அப்பாவின் கைவேலை. பைப்புக்குள் பைப், நடுவில் திருகு. திருகு வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நான். "சீசன் டைம்ல யாரு மேடம் திருகிக்கிட்டு இருக்கிறது?" என்று சுமதி கேட்டாள். அவள் மடுல்கெல்ல ஊர்க்காரி, மூஞ்சிக்கு நேரே சொல்லிவிடுவாள். மூன்றாம் தரம் திருகியபோது உள்பைப் வழுக்கி வந்து உன் அப்பாவின் கட்டைவிரலைக் கடித்தது. நீ சிரித்தாய். சும்மா இல்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. நீ அப்படிச் சிரித்து நான் பார்த்து எவ்வளவு காலம்! அடுத்தது பல் வைத்தது, நீ அனுப்பிய வரைபடத்தைப் பேராதனையில் த்ரீ டி பிரிண்ட் போடும் ஒரு பையனிடம் கொடுத்து எடுத்தோம். பல் இறுகி என் நகம் போனது. அதற்கடுத்ததில் நடுவில் ஒரு பொத்தான். அமுக்கினால் இரண்டு கையும் ஒரே அளவில் விரியும், ஒரே அளவில் சுருங்கும். ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் குறைந்தால் சேர்ட் கோணலாகத் தொங்கும் என்பதால் உள்ளே ஒரு குட்டிப் பற்சக்கரம் வைத்தாய். அதை நீ எனக்கு விளங்கப்படுத்தியபோது, சின்ன வயதில் என் மடியில் உட்கார்ந்து எதையாவது கழற்றிக் காட்டுவாயே, அதே குரல். நான் பாதிதான் விளங்கிக்கொண்டேன். மீதி நேரம் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு கை இரண்டும் கீழே மடிகிற மாதிரி செய்தாய், கழுத்து வழியாகவே உள்ளே விட்டு விரிக்கலாம், டீசேர்ட்டின் கழுத்து இழுபடாது. நுனியைக் கரண்டி முதுகு மாதிரி அகலமாக்கினாய், கொம்பு போனது. அகலக் கழுத்து பிராக் வழுக்காமலிருக்க ஒரு ரப்பர் பட்டி ஒட்டச் சொன்னாய். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஞாயிறு, சில சமயம் வாரத்தின் நடுவிலும் எடுத்தாய். வரைபடம் போனில் ஏறும் வரை சும்மா இருக்கமுடியாமல் மற்றக் கதைகளும் வாயில் வந்தன. அங்கே மாரி காலத்தில் நீ காய்ச்சலில் கிடந்து எழும்ப முடியாமல் பிஸ்கட்டைத் தின்றுகொண்டு படுத்திருந்தது, மேல்மாடிக் கிழவருக்கு நீ சாமான் வாங்கிக் கொடுப்பது, எல்லாம் இந்த ஹேங்கர் சாக்கில்தான் எனக்குத் தெரியவந்தது. காய்ச்சலை ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். "அப்ப நீங்க கேக்கலயேம்மா, மழையான்னுதான் பேசிக்கிட்டு இருந்தோம்" என்றாய். நீ விளையாட்டாகத்தான் சொன்னாய். எனக்குச் சுருக்கென்றது.

இன்னொன்றும் சொன்னாய். அங்கே ஆம்பிளை சைஸ் எதுவும் உனக்குப் பொருந்துவதில்லை, எல்லாம் தோளைவிட்டு இறங்கி நிற்கிறது, பையன்கள் பகுதியில் போய்த்தான் வாங்குகிறாய் என்று. நீ சிரித்தாய், நானும் சிரித்தேன். போனை வைத்தபிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் ஆட்கள் எல்லாரும் செய்வதுதான், கடைக்கு வரும் ஒவ்வொரு தாயும் சொல்வதுதான்: "வளர்ற புள்ள, ஒரு சைஸ் கூடவே குடுங்க." சொந்தக் கடை வைத்துக்கொண்டு நானும் உனக்கு அப்படித்தான் போட்டேன். புதிதாக இருக்கும்போது தொளதொளவென்றிருக்கும், உனக்குச் சரியாக வரும் நேரம் நிறம் மங்கியிருக்கும். பள்ளிக்கூடப் படங்களை எடுத்துப் பார்த்தேன். ஒன்றிலாவது உன் தோளும் சேர்ட்டின் தோளும் ஒன்றாக இல்லை. இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள்: இனிமேல் உனக்கு அளவான சேர்ட்டை வாங்கு. நாளைக்கு ஆகும் என்று எதையும் வாங்காதே. இன்றைக்குப் பொருந்துவது போதும்.

அதனால்தான் ஒரு நாள், "பெரிய சைஸுக்கு அளவு குறையுது, உன் தோள அளந்து சொல்லு" என்றேன். நீ என்ன செய்தாய் தெரியுமா? ஜேர்மன் ஆம்பிளைகளின் சராசரித் தோள் அகலம் என்று ஒரு அட்டவணை அனுப்பினாய்! அதில் கோடும் கட்டமும் நிறமும் வேறு. எனக்கு வந்த கோபத்தில் போனைத் தூக்கிக் கட்டிலில் போட்டேன். ஊரான் வீட்டு ஆம்பிளைகளின் தோள் எனக்கு எதற்கடா? ஹேங்கருக்குப் பெரிய சைஸ் எல்லாம் ஏற்கெனவே அளந்தாகிவிட்டது. உன் தோள் இப்போது எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியவேண்டியிருந்தது, அவ்வளவுதான். நீ போன அன்று கட்டுநாயக்க ஏர்போர்ட்டில் பேக் பட்டியைச் சரிசெய்கிற சாக்கில் கடைசியாகத் தொட்டது. திரையில் எவ்வளவு பார்த்தாலும் மெலிந்திருக்கிறாயா, பெருத்திருக்கிறாயா என்று பிடிபடுவதில்லை. கழுத்துக்குக் கீழே நீ காட்டுவதும் இல்லை.

இனி உண்மைக்கு வருகிறேன். தீபாவளிக்கு முன் நீ அனுப்பிய வரைபடத்தில் எடுத்த ஹேங்கரே சரியாகிவிட்டது. கைக்குழந்தை பிராக்கையும் போட்டுப் பார்த்தோம், உன் அப்பாவின் கோட்டையும் போட்டுப் பார்த்தோம், ஒரு குறை இல்லை. சுமதி அதைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டி, "மேடம், முடிஞ்சிச்சு!" என்று துள்ளினாள். அவள் துள்ளத் துள்ள நான் அதில் ஏதாவது குறை இருக்கிறதா என்று தேடினேன். அந்த ஞாயிறு நீ ஆசையோடு, "எப்படிம்மா?" என்று கேட்டாய். "வழுக்குது" என்றேன். வழுக்கவே இல்லை. நீ நுனியை மாற்றி அனுப்பினாய். அடுத்த தரம், கிறீச்சென்று சத்தம் வருகிறது என்றேன். சத்தத்தைப் பதிவுசெய்து அனுப்பச் சொன்னாய். ஐயோ, மாட்டிக்கொண்டேனே என்று யோசித்துவிட்டு, நான் ஹேங்கரைப் பிடித்து விரித்துச் சுருக்க, உன் அப்பாவை மறைவில் நிறுத்தி நம் பழைய அலுமாரிக் கதவை ஆட்டச் சொன்னேன். "இது சரியில்ல" என்றார். "ஆட்டுங்க!" என்றேன். ஆட்டினார். நீ அதைக் கேட்டுவிட்டு, பற்சக்கரம் உரசுகிறது போல என்று மூன்று வரைபடம் போட்டாய். அலுமாரிக் கதவுக்கு ஜேர்மனியில் வைத்தியம் பார்த்தாய் தம்பி! சிரிப்பதா அழுவதா என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. உன் அப்பா அன்றே அந்தக் கதவுப் பிணைச்சலுக்கு எண்ணெய் விட்டுவிட்டார், மறுபடியும் ஆட்டச் சொல்லிவிடுவேன் என்ற பயத்தில்.

ஆமாம், பொய்தான் சொன்னேன். திட்டுவதென்றால் திட்டு. ஆனால் அந்தப் பொய்யால் எனக்கு இன்னும் சில ஞாயிற்றுக்கிழமைகள் கிடைத்தன, அதற்காக நான் வருத்தப்படப்போவதில்லை. பிறகு நீ, "அம்மா, இதுல இனி மாத்த ஒன்னுமே இல்ல. அச்சுக்காரர்கிட்ட குடுத்துருங்க" என்று முடித்துவிட்டாய். அடுத்த ஞாயிறு பழையபடி சாப்பாடு, மழை, அப்பாவின் கால். அதற்கடுத்த ஞாயிறு நீ எடுக்கவில்லை, பனி விழுந்த மரத்தின் படம் ஒன்று வந்தது. அழகான மரம்தான். மறுபடி எடுத்த அன்றுதான் ஏன் ஓகே சொல்லவில்லை என்று கேட்டாய். ஹேங்கர் வார்க்க இரும்பில் அச்சு வெட்டும் அந்த அச்சுக்காரரும் கட்டுகஸ்தோட்டையிலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் போன் எடுத்துக்கொண்டிருந்தார். "அக்கா, இரும்புல வெட்டிட்டா பொறகு மாத்த ஏலாது, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்பார். அதுதானே என் கவலையும். வெட்டிவிட்டால் முடிந்தது. முடிந்தால் நீ எதற்கு எடுப்பாய்?

இதைச் சொன்னபோது உன் அப்பா, "வாடான்னு சொல்லேன், எதுக்கு இந்தப் பாடு?" என்றார். நான் அவரை வெட்டிப் பேசினேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் நம் வீட்டில் யாரும் யாரையும் வா என்று சொன்னதே இல்லை. நான் கல்யாணம் முடித்துக் கண்டிக்கு வந்தபிறகு, மாத்தளையில் இருந்த என் அப்பா போனில் என்ன சொல்வார் தெரியுமா? "பஸ்ஸெல்லாம் ஒரே கூட்டம், புள்ளைய இழுத்துக்கிட்டு அலையாதம்மா. நாங்க நல்லா இருக்கோம்." நான் அதை அப்படியே நம்பினேன். மாத்தளை என்ன, ஜேர்மனியா? காலையில் போனால் பின்னேரம் திரும்பலாம். அவர் போனபிறகு அவருடைய பக்கத்துவீட்டு அம்மா சொன்னாள், லீவு நாட்களில் அவர் காலையிலேயே சவரம் செய்து சேர்ட் மாட்டிக்கொண்டு வாசல் கதிரையில் உட்கார்ந்திருப்பாராம். கேட்டால் சும்மா காற்று வாங்குகிறேன் என்பாராம். அந்தக் காற்றை இப்போது நான் வாங்குகிறேன். பொங்கலுக்கு வரட்டுமா என்று நீ கேட்டபோது நானும் அதையே சொன்னேன். "லீவ வீணாக்காத, டிக்கட் விலை, இங்க ஒரே மழை, நாங்க நல்லா இருக்கோம்." நீயும் என்னை மாதிரியே நம்பிவிட்டாய். இந்த விஷயத்தில் மட்டும் என் புத்தி உனக்கு வராமல் இருந்திருக்கலாம்.

இன்றைக்குக் காலையில் உன் அப்பாவும் நானும் பஸ் எடுத்துக் கட்டுகஸ்தோட்டைக்குப் போனோம். அச்சுக்காரர் இரும்புக்கட்டியைக் காட்டினார், தூக்கமுடியாத கனம். கடைசித் தரமாகக் கேட்டார். "வெட்டுங்க" என்றேன். திரும்பி வரும் வழியெல்லாம் உன் அப்பாதான், நம்பமாட்டாய், வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார், என் கவலையை மறக்கடிக்கிறாராம்.

ஹேங்கர் சரியாகிவிட்டது, தம்பி. வழுக்கவில்லை, சத்தம் போடவில்லை, கைக்குழந்தைக்கும் பிடிக்கிறது, தடியனுக்கும் பிடிக்கிறது. நல்ல சாமான் செய்திருக்கிறாய். இனி உன்னிடம் சொல்ல என் கையில் ஒரு குறையும் இல்லை, சாக்கும் இல்லை. அதனால் சாக்கில்லாமலே கேட்கிறேன். எனக்கு உன்னைப் பார்க்கவேண்டும் போல இருக்கிறது. போனில் இல்லை. நீ கதவைத் திறந்துகொண்டு உள்ளே வரவேண்டும், நீ வந்து வீடு குப்பையாக வேண்டும், ஏன் இவ்வளவு நேரம் தூங்குகிறாய் என்று நான் கத்தவேண்டும். மேலே ஒரு வரியில் 'லீவு கிடைத்தால்' என்று எழுதிவிட்டு அடித்திருக்கிறேன், படத்தில் தெரியும். அதைப் பெரிதாக்கிப் பார்த்து வாசிக்காதே. அடித்தது அடித்ததுதான்.

லீவு கேள். வா.

அம்மா